800-ஐக் கொடுத்துவிட்டு கே10 எடுக்கலாமா?

நண்பரே, அப்பாவின் 2009 மாருதி 800-ஐ விற்றுவிட்டு 2016 ஆல்டோ கே10 எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாதம் இரண்டு தடவை நாலு பேரோடு வால்பாறை ஏறுகிறவர் என்றால் எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். 800-இன் 796 சிசி எஞ்சினில் ஏசியையும் போட்டுக்கொண்டு ஆழியாறுக்கு மேலே அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் வண்டி பாதி நேரம் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டிருக்கும். கே10-இல் 998 சிசி, எடையோ கொஞ்சம்தான் கூடுதல், சுலபமாக இழுத்துவிடும். ஏர்பேக் உள்ள வண்டியா என்று பார்த்து வாங்குங்கள், அப்போது எல்லா மாடலிலும் கிடையாது. அப்புறம், உங்கள் 800-க்கு 15 வருடம் முடிந்துவிட்டது, ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிக்காமல் விற்கப் போனால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள் (எங்கள் வீட்டு 800 அப்படித்தான் போனது, இன்னும் வயிறு எரிகிறது).