ஆன்சி: தேயிலை இருந்தும் ஏன் வறுமை?

அன்புள்ள ஐயா,

நண்பர் கொடுத்த சீனத் தேயிலைப் பொட்டலத்தில் 'ஆன்சி, ஃபூஜியான்' என்றிருந்தது. தேடிப் பார்த்தால், 1980களில் அது வறிய வட்டாரங்களின் பட்டியலில் இருந்திருக்கிறது. இவ்வளவு பேர்பெற்ற தேயிலை விளையும் ஊருக்கு ஏன் அந்த நிலை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆன்சி ஒரு 'சியான்', அதாவது சீன மாகாணத்துக்குள் வரும் ஒரு வட்டாரம். நம் தாலுகாவைவிடப் பெரிது: சுமார் 3,000 சதுர கிலோமீட்டர், 10 லட்சம் பேர். மேற்கே உயரமான மலை, கிழக்கே தாழ்ந்த குன்றுகள். கிழக்கே ஓடும் ஆறு சுவான்சோவில் கடல் சேர்கிறது. 1281இல் தமிழ்க் கல்வெட்டோடு சிவன் கோயில் எழுந்த அதே துறைமுகம். சோங் அரசமரபின் காலத்தில் ஆன்சி மலையில் உருக்கிய இரும்பும் அந்தத் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியது. நம் 'தேயிலை'யில் இருக்கும் 'தே' அந்தக் கரையோரப் பேச்சுமொழிச் சொல்தான்.

வறுமைக்கு மலை பாதிக் காரணம். நெல் விளையும் நிலம் குறைவு. மீதிக் காரணம், தேயிலையை அரசு மட்டுமே கொள்முதல் செய்ததும் விலையை அதுவே வைத்ததும். 1984இல் சந்தை திறந்த பிறகுதான் விவசாயி தானே பதப்படுத்தி விற்றார். ஆன்சிக்காரர்கள் ஊர் ஊராகப் போய்த் தேயிலைக் கடை வைத்தார்கள். இரும்புக் கம்பிச் சட்டத்தில் பிரம்பு பின்னும் தொழிலும் கைகொடுத்தது.

உங்கள் பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் தியேகுவான்யின் என்ற தேயிலை வகை. இதற்கு நீலகிரி போல 'இரண்டு இலை ஒரு கொழுந்து' கணக்கு கிடையாது. இலை நன்றாக விரிந்த பிறகே பறிப்பார்கள். வெயிலில் வாட்டி, மூங்கில் உருளையில் போட்டு, இரவு முழுக்க விட்டுவிட்டு உலுக்குவார்கள். ஓரம் உரசிச் சிவக்கும், நடு பச்சையாகவே நிற்கும். எப்போது நிறுத்துவது என்பதை மூக்குதான் சொல்லும். பிறகு வாணலிச் சூடு. துணியில் மூட்டை கட்டி உருட்டிப் பிசைந்தால் இலை குண்டுமணியாகச் சுருண்டுவிடும்.

1990களுக்குப் பிறகு பச்சை நிறமும் பூ வாசனையும் விலைபோனதால், இலை வாடும் அறைக்கு ஏசி வந்தது. விலை ஏறியதும் மலை உச்சிவரை காட்டை வெட்டிச் செடி நட்டார்கள், மழையில் மண் கரைந்து இறங்கியது. ஒரு காலத்து வறுமையைப் பேசுகிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் மனத்தாங்கல்.

நெருப்பில் நின்று வறுபட்ட பழைய வகைதான் எனக்குப் பிடிக்கும். உங்களுடையது பச்சையாக இருந்தால் ஏசி அறையில் வாடியதாக இருக்கலாம். கொதிநீர் ஊற்றி, முதல் நீரைக் கொட்டிவிட்டு இரண்டாவதைக் குடியுங்கள். பால் வேண்டாம்.