பொங்கல் குழம்பில் எது நாட்டுக்காய்?

அன்புள்ள ஐயா,

போன பொங்கலுக்கு எப்போதும்போலக் குழம்பில் பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டிருந்தோம். இலையில் உட்கார்ந்த என் அண்ணன் மகன், “அத்தை, இந்த ரெண்டும் அமெரிக்காவிலிருந்து வந்தது. சர்க்கரைப் பொங்கலில் கிடக்கிற முந்திரி பிரேசில் சரக்கு. இதையா நம் மரபு உணவு என்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டான். என் மாமியார் அன்றைக்கு கேரட், பீன்ஸை அடுப்பங்கரைக்குள்ளேயே விடமாட்டார். “நாட்டுக்காய்தான் ஆகும்” என்பார். அவர் முகம் வாடிப் போயிற்று. அவன் சொல்வது உண்மைதானா? சங்க காலத்தில் எதைப் போட்டுப் பொங்கினார்கள்?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சொன்ன தகவல் சரி. அதை வைத்து அவர் வந்த முடிவு சரியில்லை. இதை முதலில் உங்கள் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள்.

சங்க காலம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புறநானூற்றின் 168ஆம் பாட்டில் ஒரு புத்தரிசிச் சமையல் வருகிறது. புத்தரிசி என்றாலும் நெல் இல்லை, தினை. மலைச்சரிவில் காந்தள் கிழங்குக்காகக் காட்டுப்பன்றிகள் மண்ணைக் கிளறிப் போட்டிருக்கின்றன. குறவர்கள் அந்தப் புழுதியிலேயே, ஏர் பூட்டாமல், நல்ல நாள் பார்த்துத் தினை விதைக்கிறார்கள். முதல் விளைச்சலைப் புதிது உண்ணும் நாள் வருகிறது. மான்கறி வெந்து புலால் வாடை வீசும் பானையைக் கழுவக்கூட இல்லை. அதில் காட்டுப் பசுவின் நுரைத்த பாலை ஊற்றி, சந்தன விறகில் தினையை வேகவைத்து, காட்டுமல்லிகை மணக்கும் முற்றத்தில் அகன்ற வாழை இலையில் பகிர்ந்து உண்கிறார்கள். வெல்லம் இல்லை, நெய் இல்லை, பருப்பு இல்லை. ஆனால் புது விளைச்சல், பால், பானை, வாழை இலை, பங்கிட்டுச் சாப்பிடுவது எல்லாம் இருக்கின்றன. நம் பொங்கலில் உண்மையாகவே பழையது எது என்று என்னைக் கேட்டால் இவற்றைத்தான் சொல்வேன்.

கரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பொங்கல் உண்டா? ஆனால் அதியமானின் முன்னோர்கள் கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் புகழ்கிறார். கரும்பு முதலில் பயிரானது நியூகினிப் பக்கம் என்று தாவரவியலும் சொல்கிறது. வந்த பயிர்தான். பெரும்பாணாற்றுப்படை காலத்திலேயே இங்கே ஆலைகள் ஓயாமல் ஓடி, பாகு காய்ச்சும் புகை சூழ்ந்து கிடக்கிறது. இனிப்புச் சோறு பிறகு கோயிலுக்குள் போய்ப் பெரிதாகிறது. ஆண்டாள் மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா நிறைய அக்கார அடிசில் நேர்ந்துகொள்கிறாள்.

ஆயிரம் ஆண்டு முந்தைய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அமுதுபடிக்கான சாமான்கள் வருகின்றன. அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, சீரகம், கடுகு, சர்க்கரை, வாழைப்பழம் எல்லாம் உண்டு. மிளகாய் மட்டும் கிடையாது. இருக்கவும் முடியாது. போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டில் இறங்கியதே 1498இல்தான். மிளகாய், முந்திரி, சர்க்கரைவள்ளி, பரங்கி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஆக, தம்பி குழம்பிலிருந்து இரண்டு காயைத்தான் எடுத்து வைத்தார். அவர் கணக்குப்படி மிளகாயையும் எடுத்தாக வேண்டும்.

சரி, அப்படியானால் பரங்கி மட்டும் எப்படி நாட்டுக்காய் ஆயிற்று? கேரட் ஏன் இன்னும் வாசலில் நிற்கிறது? வந்து எத்தனை காலம் ஆயிற்று என்பது ஒரு காரணம். பெரிய காரணம், நம் வயலும் பட்டமும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆடிப் பட்டத்தில் வேலியோரம் ஊன்றிய பரங்கி விதை கொடியோடி, கூரையேறி, மார்கழி தை வாக்கில் முற்றிய காயாகக் கிடக்கும். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு நட்ட வள்ளிக்கொடிக்கு நாலு மாதம்; தைக்குத் தோண்டிவிடலாம். அவரையும் மொச்சையும் பனிக்காலம் வந்தால்தான் பூத்துத் தள்ளும். தினைத் தாளில் படர்ந்த அவரை பனிக்காலத்தில் பூப்பதைக் குறுந்தொகையே பாடியிருக்கிறது. சம்பா அறுப்பும் அதே தையில்தான். அன்றைக்குத் தன் கொல்லையில் எது விளைந்து கிடந்ததோ அதைப் பறித்துக் குடியானவன் வீட்டில் குழம்பு வைத்தார்கள். கடல் கடந்து வந்த செடி என்பது அவனுக்குப் பொருட்டே இல்லை. அது அவன் மண்ணில், அவன் விதையில், அந்த மாதத்தில் காய்த்தது. கேரட்டும் முட்டைக்கோசும் வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் பயிரிட்டு, அங்கிருந்து சந்தைக்கு இறங்கியவை. கும்பகோணத்துக் கொல்லையில் அவை காய்க்கவில்லை. உங்கள் மாமியார் வைத்திருக்கும் விதி அர்த்தமுள்ள விதி. அதில் அவர் கை வைக்க வேண்டியதே இல்லை.

முந்திரி கதை கொஞ்சம் வேறு. அது பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் நன்றாகப் பிடித்துக்கொண்டாலும், எல்லார் வீட்டுக் கொல்லையிலும் காய்த்ததில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிப் போடுவதுதான். விட்டுவிட்டாலும் பொங்கலுக்கு ஒரு குறையும் வராது.

அப்புறம், தம்பிக்கு நிஜமாகவே மிளகாய்க்கு முந்தைய ருசி தெரிய வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. திவசத்தன்று மிளகாயைத் தொடாமல் மிளகு, சீரகத்திலேயே சமைக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்தால், அன்றைக்கு என்னென்ன காய், எதற்கு எவ்வளவு மிளகு என்று மாமியாரைச் சொல்லச் சொல்லித் தம்பியையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்