நாற்காலியா, காதா? கான்டனீஸ் தொனி பற்றிய கேள்வி பதில்

ஹாங்காங்கில் குழந்தைகளின் பேச்சு, கேட்டல் பிரச்சினைகளோடு வேலை செய்பவள் நான். இங்கே பேசப்படும் சீன மொழியான கான்டனீஸின் தொனி பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மின்மினி: அக்கா, தொனி என்றால் ராகம் மாதிரியா?

இல்லை. சுருதி மாறினால் இங்கே சொல்லே மாறிவிடும். கான்டனீஸில் இப்படி ஆறு தொனிகள். 'தோங்' என்ற ஓரசையை உச்சத்தில் நிறுத்திச் சொன்னால் சூப். கீழே இறக்கினால் சர்க்கரை. கீழிருந்து மேலே ஏற்றினால் மிட்டாய். 'மாய்' இன்னும் மோசம். தாழ்வில் தொடங்கிக் கொஞ்சம் ஏறினால் வாங்குவது, தாழ்விலேயே நின்றால் விற்பது. கடைக்காரரிடம் நான் பட்ட பாட்டை இன்னொரு நாள் சொல்கிறேன்.

நெட்டிலிங்கம்: கான்டனீஸ் பேசும் வீட்டுக் குழந்தைக்கு இது எந்த வயதில் பிடிபடும்?

நல்ல கேள்வி, ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, வித்தியாசம் காதில் விழுவது. கைக்குழந்தைக்கே அது விழுகிறது. மேட்டாக், பர்னம் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகளுக்கு 6 மாதத்தில் இருந்த தொனி பிரிக்கும் திறன் 9 மாதத்தில் மங்கியது. சீனமொழிக் குழந்தைகளுக்கு அப்படியே நின்றது.

இரண்டு, அந்த வித்தியாசத்தை வைத்துச் சொல்லை அடையாளம் காண்பது. இதற்கு வருடங்கள் ஆகும். சோக்கா, லூயி இருவரும் 2003-இல் 4, 6, 10 வயதுக் குழந்தைகளையும் பெரியவர்களையும் சோதித்தார்கள். பெரியவர்கள் அளவுக்கு வந்தவர்கள் 10 வயதுக்காரர்கள்தான்.

கடைசிவரை தொல்லை தருவது ஏறும் தொனிகள் இரண்டு. 'யீ' என்று உயரத்துக்கு ஏற்றினால் நாற்காலி, பாதியில் நிறுத்தினால் காது. இரண்டும் கிளம்பும் இடம் ஏறக்குறைய ஒன்றே, போய்ச் சேரும் இடம்தான் வேறு. படம் காட்டி "யீ எங்கே?" என்று கேட்டபோது ஒரு நாலு வயதுப் பையன் நாற்காலிப் படத்தைப் பார்த்துக்கொண்டே தன் காதைப் பிடித்துக்கொண்டான். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் தொட்டுவிட்டான்!

சமமாக நிற்கும் தொனிகளில் வேறு சிக்கல். அப்பாவின் உச்சக் குரல் அம்மாவின் தாழ்ந்த குரலுக்குக் கீழேயே இருக்கலாம். ஆகவே பேசுபவரின் குரல் வீச்சு எவ்வளவு என்று முதலில் தெரிந்தால்தான் இது நடுத்தொனியா, தாழ்தொனியா என்று சொல்ல முடியும். ஒற்றைச் சொல்லாகக் கேட்டால் தடுமாறும் பிள்ளை, முன்னால் ஒரு வாக்கியம் வந்தால் தேறிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

புதுஅம்மா: என் மகளுக்கு 4 வயது. தொனி குழம்புகிறது. ஆப் வைத்துப் பயிற்சி தரலாமா?

முதலில் காது பரிசோதனை. சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கியிருந்தாலும் குழந்தை கேட்பது மங்கிவிடும். அப்புறம், "இது இரண்டாம் தொனி, இது ஐந்தாம் தொனி" என்று எண் சொல்லிப் பிள்ளையை வாட்டாதீர்கள். பேசுங்கள், கதை சொல்லுங்கள்.

ஹார்பர்காற்று: மொத்தம் ஆறு என்பது போலப் பேசுகிறீர்கள். கான்டனீஸுக்கு ஒன்பது தொனி. எங்கள் ஆசிரியர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

ஆசிரியர் சொன்னது பழைய இலக்கணக் கணக்கு. ப், த், க் ஒலியில் அடைந்து முடியும் அசைகளை அந்த மரபு தனி இனமாக எண்ணும். ஆறோடு மூன்று, ஒன்பது. ஆனால் அந்த மூன்றின் சுருதியும் ஏற்கெனவே உள்ள உயர், நடு, தாழ் தொனிகளின் சுருதியேதான். 'சிக்' (சாப்பிடு) நிற்கும் உயரமும் 'யீ' (இரண்டு) நிற்கும் உயரமும் ஒன்று. வாய் அடைவதால் முன்னது சட்டென்று முடிகிறது, அவ்வளவுதான்.

ஹார்பர்காற்று: சீனாவின் பொது மொழியான மாண்டரினுக்கு நான்கு. எங்களுக்கு ஒன்பது. அதைக் குறைப்பதில் உங்களுக்கு என்ன ஆனந்தம்?

பெருமைக்கு ஆறே தாராளம்! குழந்தையின் பக்கமிருந்து பாருங்கள். அடைந்து முடிகிறது என்பதைக் கடைசி மெய்யொலியே அதற்குச் சொல்லிவிடுகிறது. உயரத்தைப் பிரிக்க முன்பே கற்ற ஆறு போதும். இல்லாத மூன்றை அது ஏன் புதிதாகக் கற்க வேண்டும்?

பனங்கிழங்கு: நானும் ஒன்பது என்றுதான் படித்தேன்.

மேலே படிக்கவும்.

காற்புள்ளி: கேள்வி கேட்கும்போது குரல் உயருமே, அப்போது தொனி கெடாதா?

ஆகா, இதைத்தான் எதிர்பார்த்தேன். கெடும். கேள்வியின் கடைசியில் வரும் தாழ்ந்த தொனிகளைப் பெரியவர்களே உயர ஏறும் தொனியாகத் தவறிக் கேட்கிறார்கள். அதனால்தான் கான்டனீஸில் கடைசியில் ஒட்டுச் சொல் சேர்த்துக் கேட்பது அதிகம். நாம் "வந்தான்" என்பதோடு "ஆ" ஒட்டி "வந்தானா" என்று கேட்பது மாதிரி. நமக்கு ஒட்டாமல் குரலை மட்டும் உயர்த்தினாலும் சொல் மாறாது. அவர்களுக்கு அந்த வசதி குறைவு.

ஒரு பாட்டி: பேரன் நாற்காலியையும் காதையும் ஒரே மாதிரி சொல்கிறான். வயது 7.

அம்மா, வீட்டில் மற்றவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு நாள் கவனியுங்கள். ஹாங்காங் இளைஞர்களில் சிலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அவன் அப்பாவும் அப்படிச் சொன்னால், பேரன் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறான். எதற்கும் காது பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

சுண்டல்: காது கேளாததால் உட்காதில் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தை தொனியைப் பிடிக்குமா?

சிரமப்படும். அந்தக் கருவி சுருதியின் நுணுக்கத்தைச் சரியாகக் கடத்துவதில்லை. மீதியை உங்கள் குழந்தையைப் பார்க்கும் மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். பார்க்காமல் நான் சொல்லக்கூடாது.

கடலைமிட்டாய்: அக்கா, எந்த வயதில் பிடிபடும்?

நெட்டிலிங்கத்துக்குச் சொன்ன பதில்.

ஹார்பர்காற்று: ஒன்பது.

ஆறு. காலையில் வேலைக்குப் போக வேண்டும், தூங்கப் போகிறேன்.