வி.ஆர். மேடையில் பரதம்: முதலில் காலுக்குச் செலவழியுங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சின்னதாக ஒரு பரதநாட்டியப் பள்ளி நடத்துகிறேன். பலர் கூடும் மெய்நிகர் (வி.ஆர்.) உலகமான வி.ஆர்.சாட்டில் வெளியூர் ரசிகர்கள் முன் ஓர் அலாரிப்பும் தில்லானாவும் நேரலையாக ஆட ஆசை. குவெஸ்ட் 3 ஹெட்செட்டும் நல்ல கேமிங் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. உடம்பு முழுவதின் அசைவையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஃபுல் பாடி டிராக்கிங்குக்கு எதை வாங்குவது? வகுப்பு நடக்கும் ஹாலிலேயே ஆடலாமா?

பதில்: ஆடலாம். ஆனால் அந்த ஹாலில் சுவர் முழுக்கக் கண்ணாடி இருக்குமே, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஹெட்செட்டும் இரண்டு கன்ட்ரோலரும் தலை, இரு கைகள் என்று மூன்று புள்ளிகளைத்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. இடுப்புக்குக் கீழே எல்லாமே மென்பொருளின் ஊகம். இடுப்பிலும் இரு பாதங்களிலும் டிராக்கர் (அசைவைச் சொல்லும் சிறு கருவி) கட்டினால் ஆறு புள்ளிகள். பலரும் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பரதத்துக்கு இது போதாது. பாதி உட்கார்ந்த நிலையான அரைமண்டியில் முட்டி பக்கவாட்டில் விரிந்து நிற்க வேண்டும். முட்டியில் டிராக்கர் இல்லையென்றால், பாதம் திரும்பியிருக்கும் விதத்தைப் பார்த்து மென்பொருளே முட்டிக்கு ஓர் இடம் முடிவு செய்யும். முழுக்க உட்காரும் முழுமண்டிக்கு இறங்கும்போது அது முன்பக்கம் மடங்கினால் அழகே போய்விடும். அதனால் இடுப்பு, இரு முட்டி, இரு பாதம் என்று ஐந்து டிராக்கர் வாங்குங்கள். பணம் மிஞ்சினால் மார்புக்கு ஒன்று. கழுத்தசைவான அட்டமியில் கழுத்து மட்டும் நகர்ந்ததா, உடம்பே நகர்ந்ததா என்று மென்பொருளுக்கு அப்போதுதான் தெரியும்.

டிராக்கரில் முக்கியமாக இரண்டு வகை. ஸ்லைம்வி.ஆர்., ஹரிடோராஎக்ஸ் போன்றவை உள்ளே இருக்கும் சென்சாரை வைத்து மூட்டுகள் திரும்பும் கோணத்தைக் கணக்கிடுகின்றன. விலை குறைவு, அறையில் எதையும் மாட்ட வேண்டாம். ஆனால் ஆட ஆட, திசை கொஞ்சம் கொஞ்சமாக விலகும். காலைத் தட்டி ஆடும் தட்டடவில் பாதம் தரையில் அறையும் ஒவ்வொரு அதிர்ச்சியும் அந்தக் கணக்கைக் கலைக்கும். தில்லானா பாதியில் நின்று ரீசெட் செய்ய முடியாது. உங்கள் தேவைக்கு நான் சொல்வது இன்னொரு வகை: வைவ் டிராக்கர் 3.0, கூடவே லைட்ஹவுஸ் பேஸ் ஸ்டேஷன் 2.0 இரண்டு. பேஸ் ஸ்டேஷன் அகச்சிவப்பு லேசரால் அறையைத் துழாவும். அதை உணர்ந்து டிராக்கர் தன் இடத்தைக் கண்டுகொள்ளும். நேரம் போகப் போக விலகல் சேர்வதில்லை. ஒன்று 75 கிராம்தான், காலுக்குப் பாரமில்லை.

இதில்தான் கண்ணாடிச் சுவர் தொல்லை. லேசர் அதில் பட்டுத் திரும்பினால் டிராக்கர் இல்லாத இடத்தில் இருப்பதாகத் தோன்றி, உங்கள் அவதாரின் (வி.ஆர். அரங்கில் தெரியும் உங்கள் உருவத்தின்) கால் தூக்கிப் போடும். கனமான திரை போட்டு முழுவதும் மூடிவிடுங்கள். பேஸ் ஸ்டேஷனை எதிரெதிர் மூலைகளில், தலைக்கு மேல், சுவரிலேயே ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். ஸ்டாண்டில் வைத்தால் நீங்கள் தட்டும் தட்டில் அதுவும் அதிரும். டிராக்கர்களின் சிக்னலை வாங்கும் டாங்கிள்களைக் கம்ப்யூட்டரின் பின்னால் நெருக்கமாகச் செருகாமல், யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் போட்டு, ஒன்றுக்கொன்று தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் அறுந்து அறுந்து வரும்.

குவெஸ்ட்டும் லைட்ஹவுஸும் தனித்தனி முறையில் இடம் கணக்கிடுபவை. இரண்டையும் ஒட்டவைக்க ஸ்பேஸ் காலிப்ரேட்டர் என்ற இலவச மென்பொருள் உண்டு. ஹெட்செட்டின் மேல் கூடுதலாக ஒரு டிராக்கரை ஒட்டிவிட்டால் ஆடும்போதே அது தொடர்ந்து சரிசெய்துகொள்ளும். அந்த ஒன்றையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

சலங்கை கணுக்காலை அடைத்துக்கொள்ளும். அதுவும் நல்லதுதான், டிராக்கரைப் புறங்காலில் இறுக்கிக் கட்டுங்கள். கணுக்காலுக்கு மேல் கட்டினால் குதித்துமெட்டு அடவில் குதிகால் எழுவதும் இறங்குவதும் தெரியாமல் போகும். கட்டியபின் சலங்கை டிராக்கரின் முகத்தை மறைக்கிறதா என்று பாருங்கள்.

கை முத்திரைக்கு முழுத் தீர்வு இன்னும் இல்லை. குவெஸ்ட்டின் கேமரா வெறும் கையைப் பார்க்கும். விரல் கோத்துக் கர்க்கடக முத்திரை பிடித்தால் ஒரு கை மற்றதை மறைக்கும். வால்வ் இண்டெக்ஸ் கன்ட்ரோலரைக் கையோடு பட்டை போட்டுக் கட்டலாம். அது ஒவ்வொரு விரலும் மடங்குவதை உணரும் என்பதால் மோதிர விரலை மடக்கும் திரிபதாகம் ஓரளவு வரும், விரல்களை விரிக்கும் அலபத்மம் வராது. குவெஸ்ட் 3 முகத்தையும் கண்ணையும் டிராக் செய்யாது. அதனால் முகபாவம் முக்கியமான பதம், ஜாவளியை இப்போதைக்கு விட்டு, அபிநயமில்லாத நிருத்தமாகவே தேர்ந்தெடுத்தது சரியான முடிவு.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தாளம்தான். உங்கள் அசைவும் இசையும் ரசிகருக்கு வெவ்வேறு வழியில் போய்ச் சேருகின்றன. மைக் வழியாக இசையை அனுப்பாதீர்கள். அது பேச்சுக்காக அமைந்த பாதை, தாளச் சத்தம் நசுங்கிவிடும். பாட்டை அந்த வி.ஆர். அரங்கிலேயே இருக்கும் வீடியோ பிளேயரில் ஓடவிட்டு, அதிலிருந்து உங்கள் காதில் விழும் சத்தத்துக்கே ஆடுங்கள். அறையில் வேறு ஸ்பீக்கரில் பாட்டு ஓடக் கூடாது. பாட்டை நேரடியாக ஸ்ட்ரீம் செய்தால் சில விநாடி தாமதம் இருக்கும். அப்போதும் அரங்கில் கேட்பதுதான் உங்கள் தாளம்.

ஒத்திகையில் வி.ஆர். அரங்குக்குள் இருக்கும் நிலைக்கண்ணாடியை நம்பாதீர்கள். அதில் தெரிவது உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள நீங்கள். நெட்வொர்க் கடந்து போன நீங்கள் அல்ல. சென்னையிலோ வேறெங்கோ இருக்கும் மாணவி ஒருவரை அரங்குக்குள் வரச்சொல்லி, அவர் பார்ப்பதையும் கேட்பதையும் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். அடவுக் கோர்வையை முடிக்கும் தீர்மானத்தின் கடைசித் தட்டு தாளத்தோடு விழுகிறதா என்று மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் காலம் (மிக வேகமான நடை) கலங்கலாகத் தெரிந்தால் அந்தக் கோர்வையை இரண்டாம் காலத்துக்கு மாற்றிவிடலாம்.