காத்தாடி – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 27. மெக்கானிக்கல் படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். நண்பன் ஒருவனோடு சேர்ந்து வீடுகளுக்கு மாடி சோலார் போட்டுத்தரும் தொழில் தொடங்க ஆசை. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, இதைவிட நல்ல நேரம் வராது என்கிறான் அவன். மாதச் சம்பளத்தை விட்டால் வீட்டுக்குள் நுழையாதே என்கிறார் அப்பா.

இந்தக் குழப்பத்தில் துளசி தாந்தியைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். ராஜ்கோட்டில் பிறந்து சூரத்தில் ஜவுளித்தொழில் செய்தவர், 1995இல் சுஸ்லானைத் தொடங்கி உலகின் பெரிய காற்றாலைக் கம்பெனிகளில் ஒன்றாக வளர்த்தார். பிறகு கடனில் மூழ்கினார். 2022இல் 64 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார். படித்து முடித்ததும் ஊக்கம் வரும் என்று பார்த்தால் பயம்தான் வந்தது. அவர் ஜெயித்தவரா, தோற்றவரா? நான் வேலையை விடலாமா? தமிழர்களில் ஏன் இப்படிப் பெருங்கனவு காண்பவர்கள் வருவதில்லை?

கே., அம்பத்தூர்

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டம் சண்டையில் முடிந்திருந்தது. நங்கநல்லூரில் 24 வீடுகள். ஐந்து வருடத்துக்கு முன் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாடியில் சோலார் வைத்தோம். எட்டு மாதமாக இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது. போட்டுக்கொடுத்த கம்பெனிக்காரர்கள் போனை எடுப்பதில்லை. போர்டு மாட்டியிருந்த இடத்தில் இப்போது பிரியாணிக்கடை இருக்கிறதாம். கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் செயலாளர். நான் கத்திவிட்டு வந்தேன். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். தமிழர்களில் ஏன் வருவதில்லை என்பது டீக்கடைக் கேள்வி. 1986லேயே தூத்துக்குடியில் அரசு 55 கிலோவாட் காற்றாலைகளை நிறுத்திவிட்டது. அப்புறம் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வாயில் மரம் நட்டதுபோல மிஷின்களை நட்டுத் தள்ளியவர்களில் பெரும்பகுதி நம் ஊர் மில்காரர்கள்தான். போதும்.

ஜெயித்தவரா தோற்றவரா என்கிறீர்களே, அதுதான் எரிச்சல். ஒருவர் முப்பது வருடம் செய்த தொழிலை ஸ்கோர் கேட்பதுபோலக் கேட்கிறீர்கள். 'ஊக்கம்' வேண்டுமென்று வாழ்க்கைக் கதை படிக்கிற பழக்கத்தை விட்டுத்தொலையுங்கள். காலையில் குடித்த காபி மதியத்துக்குள் இறங்கிவிடும். ஒரு தொழில்காரரைப் பற்றிப் படித்தால், அவர் எதை விற்றார், வாங்கியவனுக்கு அதில் என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

கனவு, கனவு என்கிறீர்கள். தாந்தியின் கதை தொடங்குவது ஒரு கரண்ட் பில்லில். ஜவுளியில் வந்த லாபத்தை மின்கட்டணம் தின்றது, மின்சாரமும் ஒழுங்காக வரவில்லை. 1990இல் சொந்த உபயோகத்துக்கு இரண்டு காற்றாலை வாங்கினார். அதாவது முதலில் அவர் வாடிக்கையாளர். மிஷினை வாங்குவது சுலபம், அதன் பிறகுதான் பாடு என்பதை வாங்கியவன் இடத்தில் நின்று தெரிந்துகொண்டவர். சுஸ்லான் தொடங்கியபோது மிஷினை மட்டும் விற்கவில்லை. காற்றை அளந்து, இடம் பிடித்து, நட்டு, லைன் இழுத்து, அப்புறம் வருடக்கணக்காகப் பராமரிப்பதையும் சேர்த்தே விற்றார். மில் முதலாளி நூலைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இது ஏன் பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் என் சின்ன மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடிக்காரர். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஒரு காற்றாலையில் ஆபரேட்டர். காற்றாலை என்பதெல்லாம் எழுத்தில்தான், அங்கே எல்லோருக்கும் அது காத்தாடி. நம் சென்னைப் பையன்களுக்குக் காத்தாடி என்றால் மாஞ்சா நூல். அங்கே மின்விசிறியும் காத்தாடிதான். சீசன் இல்லாத மாதங்களில் ஷெட்டுக்குள் புழுங்கும். "காத்தாடிக்கு அடியில உக்காந்து காத்தாடி போட்டுக்கிடுத ஒரே ஆளு உன் மாமன்தாம்ல" என்று சிரிப்பார்.

அந்த மிஷின் கொங்குப் பக்கத்து மில் ஒன்றுக்குச் சொந்தம். அந்தக் காலத்தில் காற்றாலை வைத்தால் அதன் விலை முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாகக் கணக்கில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் முதல் மார்ச் வரையான கணக்கு வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். அதனால் செப்டம்பர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும் அந்தப் பக்கமெல்லாம் கிரேனும் லாரியுமாகத் திருவிழா நடக்கும். ஓடினதாகச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் முதலாளிக்குப் பாதி வேலை முடிந்தது. ஐந்தாம் வருடம் மிஷின் என்ன செய்கிறது என்று யாருக்குக் கவலை?

மாமாவின் மிஷினுக்கு மூன்றாம் வருடமே கியர்பாக்ஸ் போயிற்று. இறக்கை நிமிடத்துக்கு நாற்பது சுற்றுச் சுற்றும், ஜெனரேட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். இடையில் பல் கடித்துக்கொண்டு நிற்பது கியர்பாக்ஸ்தான். மாற்ற வேண்டுமென்றால் கிரேன் வர வேண்டும், வெளிநாட்டிலிருந்து பாகம் வர வேண்டும். விற்ற கம்பெனி அதற்குள் கடையைக் கட்டியிருந்தது. மில்காரரோ வரிச்சலுகை கைக்கு வந்த திருப்தியில் இருந்தார்.

மே மாத விடுமுறைக்குப் போனபோது மாமாவின் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். தேதி, மணி, காற்றின் வேகம், யூனிட். காற்று 11, 12, 14 என்று மணிக்கு மணி எழுதியிருக்கிறார். பக்கத்துக் கட்டத்தில் 0. பக்கம் பக்கமாக 0.

"காத்து இருக்கே மாமா?"

"காத்து இருக்கு மருமவனே. மிஷின்லா இல்ல."

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும் என்று அந்த வருடம்தான் கல்லூரியில் படித்திருந்தேன். அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ரெஜிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டாம். மூன்று வருடம் பூஜ்ஜியம் எழுதினார். சம்பளம் தவறாமல் வந்தது. கடைசி வருடங்களில் அதைப் பற்றிப் பேசினாலே எழுந்து போய்விடுவார்.

சரி, தாந்திக்கு வருகிறேன். 2006இல் பெல்ஜியத்தின் ஹேன்சன் கம்பெனியை 46.5 கோடி யூரோவுக்கு வாங்கினார். எல்லோரும் அதைப் பேராசை என்று எழுதுகிறார்கள். ஹேன்சன் என்ன செய்தது தெரியுமா? கியர்பாக்ஸ். காற்றாலை கியர்பாக்ஸில் உலகத்திலேயே இரண்டாமிடம். உலகம் முழுக்கக் காற்றாலைக்காரர்கள் கியர்பாக்ஸுக்கு வரிசையில் நின்ற நேரம் அது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் பணகுடி ஷெட்டின் ஞாபகம்தான் வந்தது.

அடுத்த வருடம் பிரான்சின் அரேவாவோடு போட்டி போட்டு ஜெர்மனியின் ரீபவர் காற்றாலைக் கம்பெனியை எடுத்தாரே, அதுவும் கடன் வாங்கி, அங்கேதான் எனக்கு அவரோடு பிணக்கு. 2008இல் அமெரிக்காவில் சுஸ்லான் மிஷின்களின் இறக்கைகளில் விரிசல். ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வலுப்படுத்தித் தர வேண்டியதாயிற்று. அதே வருடம் உலகச் சந்தை கவிழ்ந்தது. 2011க்குள் ஹேன்சன் கையைவிட்டுப் போயிற்று. 2012இல் இங்கே தேய்மானச் சலுகையைக் குறைத்தார்கள், அக்டோபரில் 20.9 கோடி டாலர் கடன்பத்திரத் தவணையைக் கட்ட முடியவில்லை. 2015இல் ரீபவரையும் 100 கோடி யூரோவுக்கு விற்றார். பிள்ளையாகப் பார்த்து வளர்த்ததை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு மூலக்கடையைக் காப்பாற்றினார். இறப்பதற்கு முந்தைய நாட்களில்கூட, இருக்கிற பங்குதாரர்களிடமே புதுப்பங்கு விற்று 1,200 கோடி ரூபாய் திரட்டும் உரிமைப்பங்கு வெளியீட்டுக்காக அலைந்துகொண்டிருந்தார். தம்பி தலைமையேற்று அதை முடித்தார். இதில் எந்த இடத்தில் நிறுத்தி ஜெயித்தார், தோற்றார் என்பீர்கள்?

நான் பார்ப்பது வேறு. அந்த மோசமான வருடங்களிலும் கம்பெனிக்குச் சோறு போட்டதில் பழைய மிஷின்களின் பராமரிப்பு வருமானத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஏணி ஏறி எண்ணெய் மாற்றுகிற வேலை. அரசுக்கே இது மெதுவாகத்தான் உறைத்தது. 2009 டிசம்பரில்தான் நட்டதற்கு என்றில்லாமல் உற்பத்தியான யூனிட்டுக்கு 50 பைசா என்று ஊக்கத்தொகை கொடுத்தார்கள். என் மாமாவின் கட்டத்தில் 0 என்று இருந்தால் அந்தக் காசு வராது. பத்துப் பதினைந்து வருடம் முன்பே அதைச் செய்திருந்தால் அவர் என்னோடு காத்தாடி பற்றிப் பேசியிருப்பார்.

உங்கள் நண்பர் 78,000 மானியம் என்கிறார். பேனல் விலை, மானியம், போர்டு, விசிட்டிங் கார்டு எல்லாம் யோசித்திருப்பார். நாலாவது வருடம் இன்வெர்ட்டர் சிவப்பு காட்டினால் யார் வருவார், எந்த ஸ்கூட்டரில் வருவார் என்று யோசித்தாரா? காக்கை எச்சத்தை யார் துடைப்பார்? தண்ணீர்த்தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தால் அந்த வரிசையே தளரும் என்று வீட்டுக்காரரிடம் பணம் வாங்குமுன் சொல்வீர்களா? வால்வு கம்பெனியில் நான்கு வருடம் இருந்திருக்கிறீர்கள். கசிவு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அதை எதற்கு ஏதோ சிறிய வேலைபோல எழுதியிருக்கிறீர்கள் தம்பி?

வேலையை விடுவதா என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை லீவுதானே? காலை எட்டு மணிக்குள் நங்கநல்லூர் வந்துவிடுங்கள், அதற்கு மேல் மாடியில் கால் வைக்க முடியாது. மல்டிமீட்டர் எடுத்து வாருங்கள். காபி எங்கள் வீட்டில். செயலாளரைப் பழைய இரும்புக்காரனிடம் போகாமல் அதுவரை நான் பிடித்துவைக்கிறேன். நண்பரையும் கூட்டி வாருங்கள், ஏணியில் முதலில் அவர் ஏறட்டும்.