ஹ்மோங் துணியும் இன்றைய உடையும்: கேள்வி பதில்

சீனா, வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளில் வாழும் ஹ்மோங் இன மக்களின் கைவேலையை வைத்து இன்றைய உடைகள் செய்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. துணி, சாயம், தையல், வடிவமைப்பு, இதற்குள் வருபவற்றுக்குப் பதில் சொல்கிறேன். தாய்லாந்தின் சியாங் மாயிலும் லாவோஸின் லுவாங் பிரபாங்கிலும் ஹ்மோங் பெண்களோடு உட்கார்ந்து வேலை பார்த்ததில் தெரிந்துகொண்டவை இவை. நான் ஹ்மோங் இல்லை, அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி (கோவை, ஃபேஷன் டிசைன் மாணவி): அக்கா, இறுதியாண்டு கலெக்‌ஷனுக்கு ஹ்மோங் தீம் எடுத்திருக்கிறேன். நத்தை, யானைக்கால் என்று இரண்டு மோட்டிஃப்களை டிரேஸ் செய்து வைத்திருக்கிறேன். அடுத்து என்ன செய்யலாம்?

பதில்: டிரேஸ் செய்ததைக் கொஞ்சநாள் ஓரமாக வையுங்கள். துணியிலிருந்து தொடங்குங்கள்.

ஹெம்ப் என்ற நார்ச்செடியின் தண்டை அறுத்துக் காயவைத்து, நாரை உரித்து, நுனியோடு நுனி சேர்த்துத் திரித்து, சாம்பல் தண்ணீரில் வேகவைத்து நெய்கிறார்கள். நெய்த துணியைக் கல்லுக்கும் உருளைக்கட்டைக்கும் நடுவே வைத்து, மேலே ஏறி நின்று காலால் ஆட்டி ஆட்டி வழவழப்பாக்குகிறார்கள். தறி சிறியது, அதனால் துணியின் அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு. இந்த ஒரு விஷயம் உங்கள் பேட்டர்னையே மாற்றிவிடும். கல்லூரியில் 58 அங்குலத் துணிக்குப் போட்டுப் பழகிய பேட்டர்ன் இங்கே செல்லாது. நேர்ப்பட்டைகளை இணைத்து உடம்புக்கு வடிவம் கொடுக்க வேண்டும். தையல் எங்கே விழுகிறது என்பதே டிசைனாகிவிடும். ஹ்மோங் சட்டைகளும் ஏப்ரன்களும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன.

பாவாடையைப் பாருங்கள். நீல ஹ்மோங் அல்லது பச்சை ஹ்மோங் என்று அழைக்கப்படும் பிரிவினரின் பாவாடையில் மூன்று பட்டைகள் உண்டு. இடுப்பில் வெறுந்துணி, நடுவில் மெழுகுச் சாயவேலை (மெழுகு பட்ட இடம் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும் பாத்திக்), கீழே எம்ப்ராய்டரி. பல மீட்டர் துணியைச் சின்னச் சின்ன மடிப்புகளாக்கி, மடிப்புகளின் ஊடே நூல் கோத்து இறுக்கி, மாதக்கணக்கில் அப்படியே சுருட்டி வைக்கிறார்கள். நூலை உருவினாலும் மடிப்பு நிற்கும். நடக்கும்போது அந்தப் பாவாடை அசைகிற அசைவு மெஷின் ப்ளீட்டில் வராது. ஒரு கலெக்‌ஷனுக்கு இது ஒன்றே போதும்.

உங்கள் நத்தைக்கு வருகிறேன். அந்தச் சுருள் பெரும்பாலும் வரைந்து வந்ததல்ல, வெட்டி வந்தது. இரண்டு துணிகளில் மேல்துணியை நாலாக மடித்துக் கத்தரியால் வெட்டி விரிக்கிறார்கள். கீழ்த்துணியின்மேல் வைத்து ஓட்டுத் தையல் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு வெட்டிய விளிம்பை ஊசிமுனையால் இம்மி இம்மியாக உள்ளே தள்ளி, கண்ணுக்குத் தெரியாத தையலால் மடிக்கிறார்கள். கோடாகத் தெரிவது உண்மையில் மேல்துணியின் இடைவெளி வழியே தெரியும் கீழ்த்துணி. மூலை திரும்பும் இடத்தில் நூல் பிசிறாமல் மடிப்பவரைத்தான் ஊரில் நல்ல கைக்காரி என்பார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று நீங்களே செய்து பாருங்கள். அந்த விளிம்போடு ஒரு வாரம் போராடிவிட்டு டிரேஸைத் திரும்ப எடுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கை சொல்லும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பழைய துண்டுகளை வாங்கி வெட்டாதீர்கள்.

கேள்வி (மதுரை): ஹ்மோங்கும் மியாவோவும் ஒன்றா?

பதில்: மியாவோ என்பது சீன அரசு வகுத்த பிரிவு. அதற்குள் ஹ்மோங் உட்படப் பல இனங்கள் வருகின்றன. வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து, அமெரிக்காவில் இருப்பவர்களை ஹ்மோங் என்றே சொல்லுங்கள். 'மியோ' என்று எழுதாதீர்கள், அதை இழிசொல்லாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி (சென்னை, துணிக்கடை நடத்துபவர்): ஹ்மோங் பாத்திக் என்று கொண்டுவருகிறார்கள். கைவேலையா, பிரிண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஜாவாவில் மெழுகு ஊற்றும் மூக்குள்ள கருவியால் வளைவு வளைவாக வரைவார்கள். ஹ்மோங் கருவி வேறு. மூங்கில் பிடியில் முக்கோணமாகப் பொருத்திய சின்னச் செப்புத் தகடுகள், அவற்றின் இடுக்கில் சூடான தேன்மெழுகு நிற்கும். நேர்க்கோடு போடத் தோதான கருவி அது, அதனால்தான் கட்டங்களும் கோணங்களும் அதிகம். கோடுகள் சந்திக்கும் மூலையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கையால் போட்டதில் ஒரு கோடு இன்னொன்றைச் சற்றுத் தாண்டியிருக்கும், அங்கங்கே மெழுகுத் துளி விழுந்த வெள்ளைப் புள்ளி இருக்கும். துணியைத் திருப்புங்கள், பின்பக்கமும் கோடு தெரிய வேண்டும். பின்பக்கம் வெளுத்து, முன்பக்கம் மட்டும் நீலம் என்றால் பிரிண்ட். ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். உருகி மணியாக உருண்டால் பாலியஸ்டர்.

கேள்வி (பெங்களூரு): கதை சொல்லும் எம்ப்ராய்டரித் துணி ஒன்று கிடைத்தது. ஆறு, படகு, விமானம், சின்னச் சின்ன மனிதர்கள். ஜாக்கெட்டின் முதுகில் வைத்துத் தைக்கப் போகிறேன். பழங்காலப் பாணிதானே?

பதில்: பழங்காலம் இல்லை. லாவோஸ் போரில் அமெரிக்க உளவுத்துறையின் பக்கம் நின்று போரிட்ட ஹ்மோங் மக்கள் 1975இல் ஆட்சி மாறியதும் மெகோங்கைக் கடந்து தாய்லாந்துக்கு ஓடினார்கள். பான் வினாய் போன்ற அகதி முகாம்களில் பிறந்தது இந்தத் துணி. அதற்கு முன் அவர்களுடைய பூவேலையில் மனித உருவம் பெரிதாக இருந்ததில்லை. முகாமில் ஆண்கள் வரைந்து கொடுக்க, பெண்கள் தைத்தார்கள். வெளியே விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்.

உங்கள் துணியில் இருக்கும் அந்த ஆறு மெகோங். படகு கிடைக்காமல் மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீந்தியவர்களைத்தான் அந்தச் சின்ன உருவங்கள் காட்டுகின்றன. அந்தக் கடப்பில் ஆளை இழந்த குடும்பங்கள் இன்றும் அமெரிக்காவின் செயின்ட் பாலிலும் ஃப்ரெஸ்னோவிலும் இருக்கின்றன. அதை வெட்டி முதுகில் தைத்துக்கொண்டு திரிவதை என்னால் ஏற்க முடியாது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

இதே போல இன்னொன்று. இறந்தவரின் தலைக்கடியில் வைக்கவென்றே பிள்ளைகள் தைக்கும் சதுரப் பூவேலைத் துண்டுகள் உண்டு. சதுரத் துண்டு எதை வாங்கினாலும் எதற்குச் செய்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி (திருச்சி): மலிவாக எங்கே வாங்கலாம்?

பதில்: சியாங் மாயில் வரோரோட் சந்தையை ஒட்டி ஹ்மோங் சந்தைத் தெரு இருக்கிறது. வியட்நாமில் பாக் ஹா ஞாயிற்றுச் சந்தை. புதிதாகச் செய்ததை, செய்தவரிடமே வாங்குங்கள்.

கேள்வி (சேலம்): ஆன்லைனில் மலிவாக எங்கே கிடைக்கும்?

பதில்: மலிவு என்ற சொல்லை விட்டுவிட்டுத் தேடுங்கள்.

கேள்வி (திருப்பூர், ஏற்றுமதியாளர்): மேடம், ஐரோப்பிய பையர் ஒருவர் ஹ்மோங் குழந்தைத் தூளித்துணி (குழந்தையை முதுகில் கட்டிச் சுமக்கும் துணி) ஒன்றின் போட்டோ அனுப்பியிருக்கிறார். அதை அப்படியே டிஜிட்டல் பிரிண்ட்டில் ரிப்பீட் போட்டு சட்டை, டிரஸ் வேண்டுமாம். சட்டப்படி தப்பா?

பதில்: பெரும்பாலும் சட்டம் உங்களைத் தடுக்காது. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் ஆசிரியர் யார், எப்போது செய்தார் என்று கேட்கும். தலைமுறைகளாகப் பலர் கைமாறி வந்த வேலைக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. உலக அறிவுசார் சொத்து அமைப்பில் 2024இல் கையெழுத்தான ஒப்பந்தமும் மரபணு வளம், அதையொட்டிய மரபறிவு, பேடென்ட் விண்ணப்பம் பற்றியது. துணி டிசைனைத் தொடவில்லை.

ஆனால் 2019இல் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். வடக்கு லாவோஸின் ஃபொங்சாலி மாகாணத்தில் ஓமா என்ற மிகச் சிறிய இனம் இருக்கிறது. அவர்கள் ஹ்மோங் இல்லை, ஆனால் கதை உங்கள் கதைதான். அவர்களுடைய எம்ப்ராய்டரியும் அப்ளிக் வேலையும் இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான மேக்ஸ் மாராவின் 'வீக்கெண்ட்' வரிசை உடைகளில் பிரிண்டாக வந்தன. ஓமா பெயர் எங்கும் இல்லை. லுவாங் பிரபாங்கில் இருக்கும் 'மரபுக்கலை மற்றும் இனவியல் மையம்' ஓமா வேலையையும் அந்த உடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டுக் கேள்வி கேட்டது. வரிசை, நிறம், இடைவெளி எல்லாம் பொருந்தி நின்றதை உலகமே பார்த்தது. உங்கள் பையருக்கு அந்தப் படங்களை அனுப்புங்கள்.

தூளித்துணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாய்வீட்டுப் பாட்டி பேரக்குழந்தைக்குச் செய்து கொடுப்பது அது.

கேள்வி (அதே திருப்பூர் நண்பர்): ஹ்மோங் மக்களே சீனாவில் பிரிண்ட் போட்ட பாலியஸ்டரைத்தான் புத்தாண்டுக்கு உடுத்துகிறார்கள். படம் பார்த்தேன். அவர்கள் பிரிண்ட் போட்டால் சரி, நான் போட்டால் தப்பா?

பதில்: நீங்கள் பார்த்தது உண்மை. ஹெம்ப் வேலை செய்ய ஆள் இல்லை, நேரம் இல்லை. பிரிண்ட் துணி எடை குறைவு, நிறம் பளீரென்று இருக்கிறது, இளம்பெண்களுக்குப் பிடிக்கிறது. சீனாவில் தைத்து அமெரிக்கா வரை போகிறது. அதைப் பார்த்து "அசல் போச்சே" என்று வருந்துபவர்களோடு நான் சேரமாட்டேன். அது அவர்கள் உடை, அவர்கள் மாற்றுகிறார்கள். எப்போதும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பாலியஸ்டரை அணியும் பெண்ணுக்கு அது என்னவென்று தெரியும், பார்க்கும் ஊருக்கும் தெரியும். உங்கள் சட்டையை வாங்குபவருக்கு அது வெறும் 'எத்னிக் பிரிண்ட்'. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

கேள்வி (சென்னை, இன்னொருவர்): குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். காஞ்சிப் பட்டின் கரையை, புட்டாவை பாலியஸ்டரில் போட்டு நாடு முழுக்க விற்கிறார்கள். நாம் யாரிடம் போய் அழுதோம்? துணி உலகத்தில் இது சகஜம்.

பதில்: காஞ்சிபுரத்துக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அது பெயரைக் காக்கிறது, டிசைனைக் காக்காது, அது சரிதான். ஆனாலும் நகலை வாங்குகிறவருக்கும் எதன் நகல் என்று தெரியும், அதனால் அசலைத் தேடிப் போகிறவர் காஞ்சிபுரத்துக்கே போகிறார். பெயரே வெளியே தெரியாத ஒரு மலைக்கிராமத்துக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. நெசவாளி அழவில்லை என்கிறீர்கள். காஞ்சிபுரத்தில் தறியை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போன ஒருவரைக் கேட்டுவிட்டு இதை எழுதுங்கள்.

கேள்வி (பினாங்கு): அப்படியானால் ஹ்மோங் அல்லாதவர் யாரும் தொடவே கூடாதா? அதுவும் அவர்கள் வருமானத்தைக் கெடுக்காதா?

பதில்: தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகத் தொடுங்கள், அவர்களோடு சேர்ந்து. ஹனோயில் வூ தாவ் என்ற டிசைனர் 2012இல் கிலோமெட்109 என்ற பிராண்டைத் தொடங்கினார். அவர் ஹ்மோங் இல்லை. ஹ்மோங், நுங் இனப் பெண்களோடு நூல், அவுரி (நீலச் சாயம்), மெழுகு எல்லாவற்றையும் ஊரிலேயே இருந்து செய்கிறார். உடைகளின் வெட்டு இன்றைய வெட்டு, யாரும் அருங்காட்சியகப் பொருள் என்று சொல்லமாட்டார்கள். வடக்கு வியட்நாமின் ஹா ஜியாங் பகுதியில் லுங் தாம் கூட்டுறவு ஹெம்ப் துணியை வெளியாருக்கு விற்கிறது. லுவாங் பிரபாங்கில் ஒக் பொப் தொக் என்ற கைத்தறி நிறுவனம் 2000 முதல் இயங்குகிறது. வழி இருக்கிறது, நேரமும் பணமும் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம், ஹ்மோங் டிசைனர்களையே பாருங்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த 'ஃப்ரெஷ் டிரெடிஷன்ஸ்' ஃபேஷன் ஷோக்களில் ஹ்மோங் துணிகளைக் கவுனாக, சூட்டாக மாற்றினார்கள். பாட்டியின் பாவாடையை எடுத்து வெட்டினாலும் அது அவர்கள் பாட்டி. நமக்கு அந்த உரிமை இல்லை. பழையதை வெட்டாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி (ஈரோடு): இந்தத் துணியை எப்படித் துவைப்பது?

பதில்: குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசி நிழலில் காயப்போடுங்கள். உப்பு, வினிகர் போடுவதால் அவுரிச் சாயம் போவது நிற்காது.

கேள்வி (நாமக்கல்): ஹெம்ப் என்றால் சணல்தானே? நம் ஊரில் பயிரிடலாமா?

பதில்: சணல் வேறு செடி. ஹெம்ப் கஞ்சா இனம், உரிமம் இல்லாமல் பயிரிட்டால் குற்றம். உத்தராகண்ட் 2018இல் நாருக்காக உரிமம் கொடுக்கத் தொடங்கியது.

கேள்வி (புதுச்சேரி): அவுரி சாயம் போகிறது, உப்பு போடலாமா?

பதில்: ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (கொழும்பு, பூட்டிக் நடத்துபவர்): பாவாடையில் இருக்கும் கோடுகள் மூதாதையர் கடந்த ஆறுகள் என்கிறார்களே, விலைச்சீட்டில் போடலாமா?

பதில்: அப்படிச் சொல்லும் ஹ்மோங் குடும்பங்கள் உண்டு. அதே கோட்டுக்கு வேறு விளக்கம் சொல்லும் ஊர்களும் உண்டு, "அழகுக்குப் போட்டேன்" என்று சொல்லும் பாட்டிகளும் உண்டு. விலைச்சீட்டில் செய்த ஊரின் பெயரையும், அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் போடுங்கள். ஆற்றுக் கதையைச் செய்தவரே சொல்லியிருந்தால் மட்டும் சேருங்கள்.

கேள்வி (திருப்பூர் நண்பர், மறுபடியும்): மேடம், பையரிடம் பேசினேன். போட்டோவைக் கைவிடத் தயார். ஆனால் விலை ஏறக்கூடாது, அடுத்த சீசனுக்கு வேண்டும் என்கிறார். இதில் என்ன செய்ய முடியும்?

பதில்: முழு உடையையும் கைவேலையில் கேட்காதீர்கள், கட்டுப்படியாகாது. காலர், கஃப், யோக் மூன்றுக்கும் குறுகிய பட்டைகள் போதும், அவர்கள் தறி அகலத்துக்கும் அது பொருந்தும். உடம்புக்கு உங்கள் சொந்தக் காட்டன், பிரிண்ட் இல்லாமல் ஒற்றை நிறம். கூட்டுறவு ஒன்றுக்கு எழுதி, அவர்கள் ஏற்கெனவே விற்கும் டிசைன்களில் எதைத் தருவார்கள் என்று கேளுங்கள், நீங்கள் படம் வரைந்து அனுப்பாதீர்கள். பாதி முன்பணம். சாம்பிளுக்கே தனியாகப் பணம். நடவு, அறுவடைக் காலத்தில் ஆள் கிடைக்காது, அதனால் கெடு எப்போது என்று அவர்கள் சொல்லட்டும். அடுத்த சீசன் முடியாது, அதற்கடுத்த சீசனுக்கு ஒரே ஒரு ஸ்டைல் என்று பையரிடம் பேசுங்கள். ஒத்துக்கொண்டால் எனக்கு எழுதுங்கள், முதல் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.