அறிவியலின் எதிர்காலத்தை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

இன்னும் முப்பது ஆண்டுகளில் அறிவியலும் தொழில்நுட்பமும் எந்த நிலையில் இருக்கும் என்பதை இப்போதே சொல்லிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்கு முடியும் என்பதே என் பதில். எது நடக்கக்கூடியது என்பதை இயற்கை விதிகளைக் கொண்டு பெரும்பாலும் சொல்லிவிடலாம். அது எப்போது நடக்கும், எந்தக் கருவியின் துணையோடு நடக்கும் என்பதில்தான் மிகச் சிறந்த அறிஞர்களின் கணிப்பும் தவறிவிடுகிறது. இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில், இந்த வேறுபாட்டை விளக்க நான் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சான்று, அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கணிப்பாகும்.

1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ என்ற பிரிட்டிஷ் இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் ராடார் பிரிவில் பணியாற்றிய அவருக்கு அப்போது வயது 27. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் சுற்றிவரும் ஒரு பொருள், பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ள எடுக்கும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். இந்தப் பாதையைப் பற்றி அவருக்கு முன்பே எழுதியவர்கள் உண்டு. ஆனால் அங்கே மூன்று நிலையங்களைச் சம இடைவெளியில் நிறுத்தினால் ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் வானொலி, தொலைக்காட்சி அலைகளை அனுப்பலாம் என்று கணக்கிட்டு விளக்கியவர் அவரே. முதல் செயற்கைக்கோள் ஏவப்படுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டது அது. 1964-இல் அந்த உயரத்தில் நிறுத்தப்பட்ட சின்காம்-3 செயற்கைக்கோள், டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அடுத்த பத்தாண்டில், 1975-76-இல், ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக இந்தியாவின் சுமார் 2,400 சிற்றூர்கள் கல்வி நிகழ்ச்சிகளை நேரடியாகப் பார்த்தன.

கணிப்பு இவ்வளவு துல்லியமாகப் பலித்தும், ஓரிடத்தில் அது முற்றிலும் பிசகிவிட்டது. அவர் மனத்தில் இருந்தவை ஆட்கள் தங்கி வேலை செய்யும் பெரிய விண்வெளி நிலையங்கள். அக்காலத்து மின்னணுக் கருவிகள் எல்லாம் வால்வுகள் எனப்படும் வெற்றிடக் கண்ணாடிக் குழல்களால் ஆனவை. வால்வுகள் அடிக்கடி பழுதாகும். பழுதானதைக் கழற்றிப் புதியதைப் பொருத்த மேலே ஆள் இருக்க வேண்டும் என்று எண்ணுவதே அன்று இயல்பாக இருந்தது. கட்டுரை வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1947 டிசம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், வால்வின் வேலையைச் செய்யும் சிறிய திண்மக் கருவியான டிரான்சிஸ்டர் பிறந்தது. அதன் பயனாக, சின்காம்-3 ஆளே இல்லாமல், விட்டம் முக்கால் மீட்டர்கூட இல்லாத ஓர் உருளையாகப் பறந்தது. சுற்றுப்பாதையை நியூட்டனின் விதிகள் அவருக்குச் சொல்லிவிட்டன. டிரான்சிஸ்டரைச் சொல்ல அப்படி எந்த விதியும் இல்லை.

‘முடியாது’ என்ற கணிப்பை நான் இன்னும் கூடுதலான எச்சரிக்கையோடு அணுகுவேன். அணுக்கருவைக் கண்டறிந்த ரூதர்ஃபோர்டே 1933 செப்டம்பரில், அணுவை உடைத்து ஆற்றல் பெறலாம் என்பது வெறும் பிதற்றல் என்னும் பொருள்படப் பேசினார். அன்று தெரிந்திருந்த வழிகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். ஆனால் மின்சுமை இல்லாததால் அணுக்கருவுக்குள் எளிதாக நுழையக்கூடிய நியூட்ரானை, அவருடைய ஆய்வகத்திலேயே சாட்விக் அதற்கு முந்தைய ஆண்டு கண்டுபிடித்திருந்தார். ரூதர்ஃபோர்டின் பேச்சைச் செய்தித்தாளில் படித்த இயற்பியலாளர் லியோ சிலார்டு, நியூட்ரான்களைக் கொண்டு தொடர்வினையை, அதாவது ஓர் அணுக்கருவின் வினையில் வெளிப்படும் நியூட்ரான்கள் அடுத்தடுத்த அணுக்கருக்களிலும் அதே வினையைத் தூண்டிக்கொண்டே போவதை, உண்டாக்க முடியுமா என்று அதே மாதத்தில் சிந்திக்கத் தொடங்கினார். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் அந்தத் தொடர்வினை நடந்தே விட்டது.

ஒரு மின்னணுச் சிப்பில் உள்ள டிரான்சிஸ்டர் போன்ற உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று 1965-இல் சிப் துறை வல்லுநர் கோர்டன் மூர் சொன்னது வேறு வகைக் கணிப்பு. 1975-இல் அவரே அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். அது இயற்கை விதியன்று. ஒரு தொழில்துறை தன் இலக்காக ஏற்று, பெரும் பணமும் உழைப்பும் செலவிட்டு நிறைவேற்றிக்கொண்ட ஒன்று. அந்த முயற்சி தளர்ந்தால் கணிப்பும் தளரும்.

ஆகவே, நீங்கள் படிக்கும் எந்தக் கணிப்பும் இயற்கை விதியை நம்பி நிற்கிறதா, தொடர்ந்து செலவிடப்படும் முயற்சியை நம்பி நிற்கிறதா, அல்லது ஒருவரின் விருப்பத்தை மட்டும் நம்பி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். இப்போது பெரிதும் பேசப்படும் அணுக்கரு இணைவு மின்சாரத்தையே, அதாவது சிறிய அணுக்கருக்கள் ஒன்றுசேரும்போது வெளிப்படும் ஆற்றலிலிருந்து எடுக்கும் மின்சாரத்தையே, எடுத்துக்கொள்வோம். சூரியனே அதில்தான் எரிவதால் அது நடக்கக்கூடியது என்பதில் ஐயமில்லை. 2022 டிசம்பரில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றார்கள். ஆனால் அந்த லேசர்களை இயக்க ஏறக்குறைய 300 மெகாஜூல் மின்சாரம் தேவைப்பட்டது. இந்த இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைத்தான் ஒவ்வோர் ஆண்டும் நான் கவனித்து வருகிறேன். எந்த ஆண்டில் அந்த மின்சாரம் நம் வீட்டுக்கு வரும் என்று மாணவர்கள் கேட்டால், நான் ஆண்டு எதையும் சொல்வதில்லை. இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன்.